நிசான் திங்களும் பங்குனி மதியும்

2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் காலையில், பெங்களூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்குரிய அம்மையார் ஒரு சிறு கிண்ணத்தில் வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று யுகாதி, கன்னட மக்களின் புத்தாண்டு. கசப்பையும் இனிப்பையும் ஒருங்கே உண்டுதான் ஆண்டைத் தொடங்க வேண்டும் என்று அம்மையார் விளக்கினார்கள். நம் ஊர்களில் சித்திரை முதல் நாளன்று வைக்கும் வேப்பம்பூப் பச்சடியை நினைத்துக்கொண்டு, "எங்களுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதம்மா" என்றேன். "ஒரே வானத்தின் கீழ் இருந்துகொண்டு உங்களுக்கு மட்டும் ஏன் ஐந்து நாள் பின்னால்?" என்று அவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் தைத்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அதற்கு ஒன்பது நாள் முன்பு, மார்ச் 31 ஆம் நாள், ஈஸ்டர் பண்டிகை. திருநெல்வேலிச் சீமையிலுள்ள எங்கள் சிற்றூரில் அன்று விடியுமுன் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் கூடுவது வழக்கம். மெழுகுதிரி ஏற்றிப் பாடிவிட்டுப் பின்னர்க் கோயிலுக்குச் செல்வோம். அந்த ஆண்டு என் சித்தப்பா வரவில்லை. யாரோ அச்சிட்டுக் கொடுத்த எபிரேய நாட்காட்டி ஒன்று அவர்கள் கையில் இருந்தது. "ஆட்டுக்குட்டியை அடிக்கும் பஸ்கா ஏப்ரல் 22 மாலையில்தான் வருகிறது. அப்படியிருக்க, மார்ச் மாதத்தில் உயிர்த்தெழுதல் எப்படி? சாவுக்கு முன்னே உயிர்ப்பா?" என்று கேட்டார்கள். ஆச்சி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. வீட்டார் என்னைப் பார்த்து, "நீ கணக்குப் படித்தவனாயிற்றே, பதில் சொல்" என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

யுகாதியன்று மாலை அந்த வெட்கத்தோடு எபிரேய நாட்காட்டியைப் புரட்டினேன். அன்றுதான் நிசான் முதல் நாள் என்றிருந்தது! வேதாகமம் ஆண்டின் முதல் திங்கள் என்று கூறும் அதே நிசான். சித்தப்பாவின் நாட்காட்டியும் வீட்டுக்கார அம்மையாரின் பஞ்சாங்கமும் ஒரே நாளில் தொடங்கின. இதைக் கண்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்று முதல் ஓராண்டுக் காலம் படித்ததையும் கணக்கிட்டதையும், கிறித்தவர் அல்லாத நண்பர்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசைக்கு ஏறத்தாழ 29.53 நாள். இவ்வாறு பன்னிரண்டு திங்கள் சேர்ந்தால் 354.37 நாள். பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றிவரும் கதிரவன் ஆண்டோ 365.24 நாள். ஆண்டுதோறும் பதினோரு நாள் துண்டு விழுகிறது. இந்தப் பதினோரு நாளை என்ன செய்வது என்பதில்தான் உலகத்து நாட்காட்டிகளெல்லாம் பிரிகின்றன.

இசுலாமியர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சந்திரன் சொன்னதே திங்கள். ஆகவே ரம்சான் நோன்பு கோடையிலும் வரும், மழையிலும் வரும், ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். தமிழர்களாகிய நாம் அதற்கு நேர் எதிர். கதிரவன் மேட இராசியில் புகும் நாளே சித்திரை முதல் நாள். அமாவாசை எங்கே கிடந்தால் நமக்கென்ன! ஆனால் கன்னடியர், தெலுங்கர், மராட்டியர் ஆகியோர் சந்திரனையும் விடாமல் கதிரவனையும் விடாமல் இரண்டையும் கட்டி இழுக்கிறார்கள். திங்களைச் சந்திரனால் எண்ணுகிறார்கள். துண்டு விழுந்த நாட்கள் ஒரு திங்கள் அளவுக்குச் சேர்ந்ததும் ஓர் அதிக மாதத்தைச் செருகிக் கணக்கை நேர்செய்கிறார்கள். 2023 ஆம் ஆண்டு சூலை 18 முதல் ஆகஸ்டு 16 வரை இங்கே அதிக சிராவணம் வந்தது நினைவிருக்கலாம். எபிரேயர் செய்வதும் இதுவே. அவர்கள் ஆண்டின் கடைசித் திங்களாகிய ஆதாரை இரண்டாக்குவர். முதல் ஆதார், இரண்டாம் ஆதார் என்று. அதே சுற்றில் அவர்களுடைய கூடுதல் ஆதார் 2024 பிப்ரவரி 10 இல் தொடங்கியது. இரண்டு மக்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு செய்ததில்லை. சந்திரனும் கதிரவனும் இருவருக்கும் ஒன்றேயாதலால், விடையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது.

கணக்கில் ஆர்வமுள்ளோர் இதையும் காண்க. பத்தொன்பது கதிரவன் ஆண்டுகளுக்கு 6939.60 நாள். 235 திங்களுக்கு 6939.69 நாள். இரண்டுக்கும் வேறுபாடு ஏறத்தாழ இரண்டு மணி நேரமே. ஆகவே பத்தொன்பது ஆண்டில் ஏழு திங்களைக் கூடுதலாகச் செருகினால் கணக்கு அழகாகப் பொருந்திவிடும். பாபிலோனியர் இதைக் கண்டிருந்தனர். ஏதென்சு நகரத்து மேட்டன் கி.மு. 432 இல் கூறியதும் இதுவே. எபிரேயர் இன்றும் பத்தொன்பது ஆண்டுச் சுற்றில் 3, 6, 8, 11, 14, 17, 19 ஆகிய ஆண்டுகளில் ஆதாரை இரட்டிக்கின்றனர். நிசான், ஆதார் என்னும் பெயர்களே பாபிலோனிலிருந்து சிறை மீண்டபோது அவர்களுடன் வந்தவை. அதற்கு முன்பு முதல் திங்களுக்கு ஆபிப் என்று பெயர். ஆபிப் என்றால் வாற்கோதுமையின் பசுங்கதிர்.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரை நினைக்காமல் செல்ல மனம் வரவில்லை. திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925) அவர்கள் தமிழர், கத்தோலிக்கர், சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராக இருந்தவர். திதி, நட்சத்திரம், வாரம் ஆகியவற்றைக்கொண்டு கல்வெட்டுகளின் காலத்தைச் சரிபார்க்கும் அட்டவணைகளை 1911 இலும் 1922 இலும் பெரும் நூல்களாக வெளியிட்டார். இன்று கல்வெட்டாய்வாளர் எவரும் அவற்றைத் தொடாமல் இருக்க முடியாது. பஞ்சாங்கம் வேறு மதத்தாருடையது என்று அவர் ஒதுக்கியிருந்தால் சோழ பாண்டியர் காலக்கணக்கில் பாதி இருளில் கிடந்திருக்கும். நாட்காட்டியைக் கண்டு அஞ்சுவோர்க்கும், நாட்காட்டியை வணங்குவோர்க்கும் அவர் வாழ்வு நல்ல மருந்து.

இனி, இந்த எபிரேய நாட்காட்டி ஒரு விசுவாசிக்கு என்ன சொல்கிறது?

யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். இசுரவேலர் இன்னும் எகிப்தில்தான் இருக்கிறார்கள். கடலைக் கடக்கவில்லை, கட்டளைக் கற்பலகை கிடைக்கவில்லை, நிலம் ஒரு சாண்கூடக் கையில் இல்லை. அந்நிலையில் அவர்களுக்கு முதலில் கொடுக்கப்படுவது ஒரு நாட்காட்டி. இத்திங்கள் உங்களுக்கு முதல் திங்களாகட்டும் என்ற கருத்தில் அந்தக் கட்டளை அமைந்திருக்கிறது. எதற்காக? எங்கள் ஆச்சியின் தாயார் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். விடியுமுன் தப்பொலி கேட்கும், உடனே பிரட்டுக் களத்திற்கு ஓடவேண்டும் என்று அவர் சொன்னதை ஆச்சி எங்களுக்குச் சொல்வார்கள். என்று எழுவது, என்று ஓய்வது, என்று பண்டிகை கொண்டாடுவது என்பதெல்லாம் துரையின் கையில். எகிப்தில் செங்கல் அறுத்தவர்களின் நிலையும் அதுதான். தன் நாளைத் தானே எண்ணும் உரிமை அடிமைக்கு இல்லை. ஆகவே விடுதலையின் முதல் பங்காக நாட்களை எண்ணும் உரிமை வந்தது என்று நான் கொள்கிறேன். ஓய்வுநாள் கட்டளையும் இதன் தொடர்ச்சியே. எபிரேயர் வாரநாட்களுக்குக் கோள்களின் பெயரை வைக்கவில்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று வெறுமனே எண்ணினர். தனிப்பெயர் பெற்றது ஏழாம் நாள் ஒன்றே. வேலைக்காரனும் எருதும்கூட அன்று ஓயவேண்டும்.

அவர்களுடைய நாள் மாலையில் தொடங்குகிறது. நமக்குச் சூரிய உதயம் முதல் நாள். ஆங்கிலேயர்க்கு நள்ளிரவு முதல் நாள். எபிரேயர்க்கோ ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் உள்ளபடி, சாயங்காலம் முந்தி, விடியற்காலம் பிந்தி. இதை அறியாமல் சுவிசேஷங்களைப் படித்தால் பல இடங்கள் விளங்கா. சிலுவையில் இறந்தவரின் உடலை ஏன் அவ்வளவு அவசரமாக இறக்கி அடக்கம் செய்தார்கள்? வெள்ளிக்கிழமை கதிரவன் மறைந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். பிறகு ஒரு வேலையும் செய்யலாகாது. கத்தோலிக்க நண்பர்கள் சனிக்கிழமை மாலைப் பூசையை ஞாயிற்றுக்கிழமைப் பூசையாக ஏற்பதும், பாஸ்காத் திருவிழிப்பைச் சனி இரவில் நடத்துவதும் இந்த மாலைக் கணக்கின் எச்சமே. இருளிலிருந்து ஒளிக்குச் செல்வதாக ஒரு நாளை எண்ணுவது எனக்குப் பிடித்திருக்கிறது. தேர்வுக்காக இரவெல்லாம் கண்விழித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

லேவியராகமம் இருபத்து மூன்றாம் அதிகாரம் பண்டிகைகளை வரிசையாகக் கூறுகிறது. முதல் திங்கள் பதினான்காம் நாள் மாலையில் பஸ்கா. மறுநாள் முதல் ஏழு நாள் புளிப்பில்லாத அப்பப் பண்டிகை. அதற்குள் ஓய்வுநாளுக்கு மறுநாள் முதற்பலனான கதிர்க்கட்டை அசைவாட்டும் சடங்கு. அதிலிருந்து ஐம்பதாம் நாள் வாரங்களின் பண்டிகை. கிரேக்க மொழியில் பெந்தெகொஸ்தே என்றால் ஐம்பதாவது என்றே பொருள். பின்னர் நெடிய இடைவெளி. ஏழாம் திங்கள் முதல் நாள் எக்காளப் பண்டிகை, பத்தாம் நாள் பாவநிவாரண நாள், பதினைந்தாம் நாள் தொடங்கிக் கூடாரப்பண்டிகை.

இவற்றுள் முன்பனிக்குப் பின் வரும் முதல் தொகுதியைக் கிறித்தவர்கள் இயேசுவின் வாழ்வோடு இணைத்துக் காண்பது வலிந்து செய்த விளக்கமன்று. புதிய ஏற்பாட்டிலேயே அதற்கு வேர் உண்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது கிறித்துவைப் பஸ்கா ஆடாகவே கூறுகிறார். பழைய புளித்த மாவை அகற்றும்படி புத்தி சொல்கிறார். அதே நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் உயிர்த்தவரை முதற்பலன் என்று அழைக்கிறார். ஒரு கதிர்க்கட்டு ஆலயத்திற்கு வந்துவிட்டதென்றால் வயலில் மிச்சமெல்லாம் அறுவடைக்கு நிற்கிறது என்பது பொருள். நம் ஊர்களில் அறுப்பின் பண்டிகைக்கு முதல் வாழைத்தாரையும் முதல் நெற்கட்டையும் கோயில் வாசலில் வைத்து ஏலம் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உவமையை எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆண்டவர் ஒருவர் உயிர்த்தார் என்பதோடு முடியாமல், மரித்தோர் அனைவரும் எழுவர் என்ற நம்பிக்கையும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் மெழுகுதிரி ஏற்றுவது அந்த நம்பிக்கையால்தான்.

ஐம்பதாம் நாளில் கோதுமை அறுவடை முதற்பலன் வரும்போது, பல நாட்டு யூதர்கள் எருசலேமில் கூடியிருந்தனர் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம் காட்டுகிறது. தூய ஆவி இறங்கிய நாள் ஏன் அவ்வளவு மொழிகள் பேசுவோர் நிறைந்த நாளாக இருந்தது என்பதற்கு நாட்காட்டியே விடை.

ஏழாம் திங்களின் பண்டிகைகளைப் பற்றி இவ்வளவு துணிவோடு நான் எழுத மாட்டேன். எக்காளம் ஆண்டவரின் இரண்டாம் வருகையைக் குறிக்கும், கூடாரம் ஆயிரமாண்டு அரசாட்சியைக் குறிக்கும் என்றெல்லாம் சிலர் அட்டவணை போட்டு விற்கிறார்கள். அவற்றைக்கொண்டு ஆண்டும் நாளும் குறிப்போரும் உண்டு. அந்நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என்ற கருத்தை அவரே சொல்லிச் சென்றிருக்க, இவர்கள் எந்தக் கணிதத்தால் கண்டார்கள்? பாவநிவாரண நாளைப் பற்றி எபிரெயருக்கு எழுதிய நிருபம் விரிவாகப் பேசுகிறது. அதைப் படிப்போர் இந்த அட்டவணைகளைத் தேடிப் போகார்.

இனி வானநூல் தொடர்பான ஒரு செய்தி. பஸ்கா பதினான்காம் நாள் என்பதால் அது எப்போதும் முழுமதியை ஒட்டியே வரும். சூரிய கிரகணமோ அமாவாசையில்தான் நிகழும். ஆகவே சிலுவையின்போது நண்பகலில் கவிந்த இருளைச் சூரிய கிரகணம் என்று கூற இயலாது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூலியசு ஆப்பிரிக்கானுசு என்ற கிறித்தவ அறிஞரே இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். 1983 ஆம் ஆண்டு அம்ஃப்ரீசு, வாடிங்டன் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில், பிலாத்துவின் காலத்தில் நிசான் 14 வெள்ளிக்கிழமையில் விழும் நாட்களைக் கணக்கிட்டனர். கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 ஆகிய இரண்டும் பொருந்தின. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். அன்று மாலை எருசலேமில் நிலவு எழும்போதே ஒரு பகுதி கிரகணம் பிடித்திருந்தது என்றும் காட்டினர். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்தக் காலத்தில் பத்தொன்பது ஆண்டு விதி எழுத்தில் நிலைக்கவில்லை. பிறை கண்ட சாட்சிகள் எருசலேமுக்கு வந்து சொல்வர். வாற்கோதுமை முற்றியிருக்கிறதா, கனிமரங்கள் எந்நிலையில் உள்ளன, சம இரவு நாள் கடந்ததா என்று பார்த்துப் பெரியோர் அதிக மாதம் வைப்பர். நிலைத்த கணிதம் ஏறத்தாழ கி.பி. 359 இல் இரண்டாம் இல்லேல் என்பவரால் வந்தது என்பது மரபு. வானத்தை நாம் எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டாலும், வயலைப் பார்த்த பெரியோர் அந்த ஆண்டு என்ன முடிவு செய்தனர் என்பதைக் கணக்கிட முடியாதன்றோ? மேலும், இராப்போசனமே பஸ்கா விருந்து என்று மத்தேயுவும் மாற்கும் லூக்காவும் கூற, ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்பட்ட ஆயத்த நாளில் இயேசு மரித்தார் என்று யோவான் கூறுகிறார். அறிஞர் இன்றும் இதில் ஒன்றுபடவில்லை.

நம் நாட்டில் இந்த நாட்காட்டி உயிரோடு இருக்கும் இடம் ஒன்றுண்டு. அது மலையாள நாடு. கொச்சியில் 1568 ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூதர் ஆலயத்தைப் பலரும் பார்த்திருப்பர். 1948 க்குப் பிறகு அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் இசுரேலுக்குச் சென்றுவிட்டனர். நான் சொல்லவந்தது அவர்களையன்று. மார்த்தோமா கிறித்தவர்களின் வீடுகளை. என்னோடு படிக்கும் கோட்டயத்து நண்பர் 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 ஆம் நாள், பெரிய வியாழனன்று, என்னைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். அன்று மாலை வீட்டில் பெசகா அப்பம் சுட்டனர். அரிசிமாவும் உளுந்தும் அரைத்தது. ஆனால் புளிக்க விடவில்லை. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் பெற்ற ஓலையைச் சிலுவையாக்கி அதன்மேல் வைத்தனர். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பாலும் இருந்தது. செபம் முடிந்ததும் குடும்பத் தலைவர் அப்பத்தைப் பிட்டுப் பாலில் தோய்த்து, மூத்தவர் முதல் இளையவர் வரை முறையாகக் கொடுத்தார். ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்த வீட்டில் அப்பம் சுடுவதில்லையாம். அண்டை வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்களாம். பெசகா என்பது பஸ்கா என்ற எபிரேயச் சொல்லே, சிரியாக் மொழி வழியாக வந்தது. நம் கத்தோலிக்கர் பாஸ்கா என்பதும் அதுவே.

அந்த வீட்டில் யாரும் நிசான் பதினான்கு என்று எண்ணிப் பார்க்கவில்லை. ரோமைத் திருச்சபையின் வியாழனையே கைக்கொண்டனர். ஆயினும் புளிப்பில்லாத அப்பமும், வீட்டிலேயே நடக்கும் விருந்தும், குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுக்கும் முறையும் அப்படியே இருந்தன. நாள் மாறியும் பொருள் கெடவில்லை. ஆச்சி அந்த ஆண்டு பிப்ரவரியில் காலமாகியிருந்தார்கள். நான் இதை நண்பரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அவருடைய தாயார் ஓர் அப்பத்தை வாழையிலையில் பொதிந்து, "இது உங்கள் வீட்டுக்கு" என்று என் கையில் கொடுத்தார்கள்.

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். அது இன்று முளைத்த கேள்வியன்று. இரண்டாம் நூற்றாண்டிலேயே சிறிய ஆசியாவிலிருந்த சபைகள் எந்தக் கிழமையானாலும் நிசான் 14 இலேயே பஸ்காவைக் கொண்டாடின. ரோமைச் சபை அதை அடுத்த ஞாயிறன்று கொண்டாடியது. கி.பி. 155 ஐ ஒட்டி, முதியவரான சிமிர்னாவின் பொலிகார்ப்பு ரோமுக்கே சென்று அனிக்கேத்துவுடன் இதைப் பேசினார். ஒருவர் மற்றவரை இணங்கவைக்க முடியவில்லை. ஆனாலும் ஒன்றாக நற்கருணை வழிபாட்டில் பங்குகொண்டு அமைதியாகப் பிரிந்தார்கள். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு கழித்து வந்த விக்டர் என்ற ரோமை ஆயர், ஆசியச் சபைகளை விலக்கிவைக்க முற்பட்டபோது, லியோன் நகரத்து இரனேயு அந்தப் பழைய சந்திப்பை நினைவூட்டியே அவரைத் தடுத்தார்.

கி.பி. 325 இல் நைசியாவில் கூடிய சங்கம், எல்லோரும் ஒரே ஞாயிறன்று கொண்டாடவேண்டும், யூதர்களின் கணிப்பை எதிர்பார்க்க வேண்டா என்று முடிவு செய்தது. அதையொட்டிக் கான்சுடன்டைன் பேரரசர் எழுதிய கடிதத்தில் யூதர்களைப் பற்றி வரும் கடுஞ்சொற்களைப் படிக்கும்போது நெஞ்சு ஒப்பவில்லை. அந்த வெறுப்பு பிற்காலத்தில் என்னென்ன செய்தது என்பதை வரலாறு அறியும். எபிரேய நாட்காட்டியை மதிப்போடு அறிந்துகொள்வது கிறித்தவர்கள் செய்யவேண்டிய கழுவாய்களில் ஒன்று என்பது என் எண்ணம். ஆனால் சங்கம் வகுத்த வழியில் பிற்காலத்தில் உருவான விதி எளியது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் சபைக்கணக்கு முழுமதியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். 1582 இல் கிரெகரி பாப்பரசர் பத்து நாட்களை நீக்கி நாட்காட்டியைத் திருத்தியபோது மேற்கத்திய சபையின் ஈஸ்டர் மீண்டும் பருவத்தோடு பொருந்திற்று.

தமிழர்க்கு இந்த விதி புதிதன்று. நம் திங்கள் கதிரவனுடையது. ஆனால் தைப்பூசம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி ஆகியவற்றை முழுமதியோடு கூடிய நட்சத்திரத்தைக்கொண்டு வைக்கிறோம். கதிரவனால் எல்லை, சந்திரனால் நாள். ஈஸ்டரில் கிழமையும் சேர்கிறது, அவ்வளவே. 2025 இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. யூதர்களின் பஸ்கா ஏப்ரல் 12 மாலை தொடங்கியது. மேற்கத்திய சபைகளும் கிழக்கத்திய சபைகளும் ஒரே நாளில், ஏப்ரல் 20 இல், உயிர்ப்பைக் கொண்டாடின.

2024 இல் நிகழ்ந்தது என்ன? மார்ச் 25 இல் பங்குனி முழுமதி. அது மார்ச் 21 க்குப் பிந்தியதால் திருச்சபை அதையே பஸ்கா முழுமதியாகக் கொண்டு அடுத்த ஞாயிறாகிய 31 ஐ ஈஸ்டராக வைத்தது. யூதர்களுக்கோ அது இரண்டாம் ஆதார்த் திங்களின் முழுமதி. அடுத்த முழுமதி, அதாவது நம் சித்திரா பௌர்ணமியாகிய ஏப்ரல் 23, அவர்களுக்கு நிசான் 15. ஒரு முழுமதி தள்ளிப் போயிற்று, வேறொன்றுமில்லை.

யார் கணக்கு சரி? வானநூல் மாணவனாக ஒன்று சொல்வேன். பத்தொன்பது ஆண்டுச் சுற்றின்படி எபிரேய ஆண்டின் சராசரி 365.2468 நாள். உண்மையான பருவ ஆண்டு 365.2422. மிகச் சிறிய மிகைதான்; ஆனால் ஏறத்தாழ 216 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நிசான் பின்தள்ளிப் போகிறது. இல்லேலின் காலத்திலிருந்து இன்றுவரை ஏழு நாளுக்கு மேல் நகர்ந்துவிட்டது. ஆகவே பத்தொன்பது ஆண்டில் மூன்று முறை, சம இரவு நாளை அடுத்து வரும் முதல் முழுமதியை விட்டுவிட்டு இரண்டாம் முழுமதியில் பஸ்கா வருகிறது. 2005, 2008, 2016, 2024 ஆகியவை அத்தகைய ஆண்டுகள். யுகாதியும் நிசானும் அன்று ஒன்றாக வந்ததற்கும் இதுவே காரணம். நம் பஞ்சாங்கங்களும் விண்மீன் ஆண்டைப் பின்பற்றுவதால் பருவத்தைவிட்டு அதே திசையில் நகர்ந்திருக்கின்றன. வசந்தத்தின் முதல் முழுமதி என்று பழைய பொருளில் பார்த்தால், 2024 இல் அதற்கு அருகில் இருந்தது எங்கள் ஊர்க் கோயிலின் கணக்கே. இதனால் யூதர் கணக்கு பிழை என்றாகாது. உலகெங்கும் சிதறிய ஒரு மக்கள் ஒரே நாளில் பண்டிகை கொண்டாட வேண்டும் என்பதற்காக நிலைத்த விதியை ஏற்றனர். அந்த ஒற்றுமைக்கு அவர்கள் கொடுத்த விலை அந்த ஏழு நாள்.

கணக்கு இப்படி. விசுவாசம் என்ன சொல்கிறது? பண்டிகையும் அமாவாசையும் ஓய்வுநாளும் வருவதன் நிழல், பொருளோ கிறித்துவினுடையது என்ற கருத்தைக் கொலோசெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் வைக்கிறார். இதை எடுத்துக்கொண்டு, நிழலைப் பார்க்கவே வேண்டா என்பார் ஒரு சாரார். நிழலின் வடிவத்தை அறிந்தவன் ஆளை எளிதில் அடையாளம் காண்பான் என்பேன் நான். ஆனால் ஆள் வந்து வாசலில் நிற்கும்போது, நிழல் எத்தனை அடி விழுகிறது என்று அளந்துகொண்டு உள்ளே அழையாமல் இருப்பது முறையாகாது. ஒருவன் ஒரு நாளைச் சிறப்பாக எண்ணுகிறான், மற்றொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், இருவரும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டா என்னும் கருத்து ரோமர் நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. சித்தப்பாவிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான். சித்தப்பாவைக் கேலி செய்த எங்கள் வீட்டாரிடமும் இதையே சொல்ல வேண்டியிருந்தது.

2025 ஏப்ரல் 12 மாலையில் சித்தப்பா வீட்டில் எண்ணெய் விடாமல் சப்பாத்தி சுட்டு, வேப்பங்கொழுந்தைக் கசப்பான கீரைக்குப் பதிலாக வைத்துப் பஸ்கா உண்டார்கள் என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள். அந்த வாரம் வியாழனன்று கோட்டயம் சென்ற நான், வாழையிலைப் பொதியோடு வெள்ளி இரவு ஊர் சேர்ந்தேன். அப்பம் காய்ந்து போயிருந்தது. அதைப் பிட்டுச் சித்தப்பாவுக்குக் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று கேட்டறிந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உண்டார்கள்.

ஞாயிறு விடியுமுன் கல்லறைத் தோட்டத்திற்கு அவர்களும் வந்தார்கள். அந்த ஆண்டு பஸ்கா முந்தி, ஈஸ்டர் பிந்தி. ஆதலால் அவர்கள் நாட்காட்டிக்கும் தடையில்லை. ஆச்சியின் கல்லறையில் சிமெண்டு இன்னும் புதிதாயிருந்தது. காற்றில் அணையும் திரியை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். "போன வருஷம் அம்மா கூப்பிட்டப்போ வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்கள்.

2027 இல் ஈஸ்டர் மார்ச் 28. பஸ்கா தொடங்குவது ஏப்ரல் 21 மாலை. மறுபடியும் ஒரு முழுமதி வேறுபாடு. அதைக் குறித்து மேலே எழுதிய கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர்களுக்கு இப்போதே அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.